பூனைக்குச் சொன்னது

ஆபரேட்டரம்மாவுக்குப் பூனை என்றால் உயிர் என்று அந்தக் குடியிருப்பு முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. பிறந்தநாள் வந்தால் பூனைப் படம் போட்ட கோப்பை. வருஷம் பிறந்தால் பூனைக் காலண்டர். படியில் எதிரே வருகிறவர்கள், "உங்களுக்குத்தாம்மா எவ்வளவு நல்ல மனசு!" என்பார்கள். அவளும் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். தனக்குப் பூனையே ஆகாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? துணியெல்லாம் முடி, மூலைக்கு மூலை மூத்திர நாற்றம், பாவமென்று கையை நீட்டினால் பிறாண்டல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மிச்சமான மீன் தலை இரண்டைப் பின்சந்தில் வீசினாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒன்று வந்து இரும்புப் படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மனு கொடுக்க வந்த ஆள் மாதிரி மேலே பார்த்தது. அப்புறம் இரண்டாயிற்று, நாலாயிற்று. இப்போது ஏழு.

ஏழில் ஒன்றுகூட வீட்டுப் பூனை இல்லை. மடியில் ஏறாது, தொட விடாது. தட்டை வைத்துவிட்டு அவள் மூன்று படி மேலே ஏறினால்தான் கிட்டவே வரும். முள்ளெடுத்து மீனைச் சோற்றில் பிசைவது, மாசத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையைப் பொடித்து அதில் மறைப்பது, தண்ணீர்ச் சட்டியைத் தேய்ப்பது, கண்ட இடத்தில் கழித்து வைத்ததை வாரிவிட்டு ப்ளீச்சிங் பவுடர் தூவுவது. டூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் முக்கால் மணி நேரம் இதற்கே போய்விடும். வெளியூரில் ஒரு ராத்திரி தங்க முடியாது. சொந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் காலை பஸ்ஸில் போய், சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தவள் அவள். தங்கச்சி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

குட்டி போட்டுப் பெருகிவிடக் கூடாதே என்று, கால்நடை ஆஸ்பத்திரியில் கூண்டை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டுபோய் ஆபரேஷனும் செய்துகொண்டு வந்தாள். ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியைக் கொஞ்சம் நறுக்கி அனுப்புவார்கள். கூண்டில் மாட்டின பூனை முதலில் ஒரு நிமிஷம் தலைகீழாக மோதும். அப்புறம் மூலையில் சுருண்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அப்படி ஒரு எரிச்சல் வரும். இன்னும் கொஞ்சம் மோதினால்தான் என்ன?

அவள் வேலை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் போர்டில். முப்பத்தொரு வருஷம். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு நாற்காலி, சுவரில் வார்டு நம்பர் பட்டியல். காலை எட்டிலிருந்து சாயங்காலம் நான்கு வரை அவள் வாயிலிருந்து தேன்தான் ஒழுகும். "வணக்கம், சொல்லுங்க. கொஞ்சம் இருங்க, இணைச்சுத் தர்றேன். மன்னிக்கணும், டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார்." எதிரே இருப்பவன் குடித்துவிட்டு உளறினாலும், கெட்ட வார்த்தையில் திட்டினாலும், அழுதாலும் அதே குரல். பக்கத்து நாற்காலியில் உட்காரும் பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. அவள் சில நேரம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எப்படிக்கா உங்களால முடியுது? எனக்கு அவன் பல்லை ஒடைக்கணும்போல இருக்கு" என்பாள். ஆபரேட்டரம்மா சிரிப்பாள். பல்லை உடைக்கிற வேலையை அவள் காலையிலேயே முடித்துவிட்டு வந்திருப்பாள், அதுதான் விஷயம்.

அதைச் சொல்ல வேண்டுமானால் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே கிடையாது. அதுதான் கொடுமை. குடி இல்லை, சிகரெட் இல்லை, கை நீட்டியதில்லை, போட்டதைத் தின்றுவிட்டு உப்புக் காரம் சொன்னதில்லை. ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவராக இருந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் பேனா டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "விட்டுட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டாள். "முடியல" என்றார். மறுநாளும் கேட்டாள். "விடு" என்றார். அதன் பிறகு பின்னறை ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். கேட்டதற்கு "ம்", கேட்காததற்கு அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஊரில் கிளை திறந்தபோது, போர்டு முழுவதையும் அவள் பொறுப்பில் விடுகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அவள் ஓடிவந்து அவரிடம் சொன்னாள். "உன் இஷ்டம்" என்றார். வேண்டாம் என்றால் சண்டை போடலாம். சரி என்றால் பெட்டி கட்டலாம். உன் இஷ்டம் என்கிற மனுஷனை என்ன செய்வது? விட்டுவிட்டுப் போனால் மூன்றாம் நாள் சோறில்லாமல் அந்த நாற்காலியிலேயே கிடப்பார், ஏன் என்று கேட்க ஆளிருக்காது. கிளைக்கு வேறு யாரோ போனார்கள்.

வெளியில் சொன்னாலோ ஒருத்தரும் நம்பமாட்டார்கள். "உங்களுக்கென்னம்மா, தங்கமான மனுஷன். இருக்கற எடம் தெரியாது" என்பார்கள். இருக்கிற இடம் தெரியாதுதான்! அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள். வீட்டுக்காரரை ஒரு நாள், ஒரு வார்த்தை அவள் வெளியாளிடம் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த வைராக்கியமே அவள் கழுத்தில் கயிறாய் விழுந்தது. மகள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து போன் பண்ணும்போதும், "அப்பா நல்லா இருக்கார்" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

ஆக, மிச்சம் இருந்தது பூனைகள்.

முதலில் அது ஜாடைப் பேச்சுதான். பின்படியில் நின்றுகொண்டு பூனையைத் திட்டினால், பக்கத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழும் என்கிற கணக்கு. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்: வீட்டுக்காரரை முப்பது வருஷமாக "நீங்க" என்றுதான் அழைத்திருக்கிறாள், "நீ" என்று நாக்கு வந்ததே இல்லை. பூனைக்கு எதற்கு மரியாதை? "நீ" போடலாம், "டா" போடலாம், அதற்கு மேலும் போடலாம். "தின்ன மட்டும் நேரத்துக்குத் தெரியுதில்ல? வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லணும்னா நாக்கு ஒட்டிக்குமாடா?" "பாக்கறதைப் பாரு, கல்லுப் பிள்ளையார் தோத்தான்!" "செத்துட்டியா இருக்கியான்னு தொட்டுப் பாக்கணும்போல இருக்கு, எந்திரிச்சு ரெண்டடி நடந்தாத்தான் என்ன?" முதல் ஒரு வருஷம், ஜன்னலில் ஒரு அசைவு வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். வராது. அப்புறம் அந்த ஜன்னலைச் சுவர் என்றே வைத்துக்கொண்டுவிட்டாள். ஆனால் திட்டுவது மட்டும் நிற்கவில்லை. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் தானாக வாய் திறந்துகொள்ளும். ஏழும் சுவரிலிருந்து தொப்புத் தொப்பென்று குதித்து வரும். திட்டாவிட்டால் அதுகள் வராது என்று அவள் நம்பினாள். சட்டமாக உட்கார்ந்திருக்கும் தடியனுக்குக் கலெக்டர் என்று பெயர். மாசத்தில் பாதி நாள் காணாமல் போய்த் திரும்பிவரும் பெட்டைக்கு ஊர்சுத்தி.

இந்த ஊர்சுத்தியால்தான் வினை வந்தது.

மூன்று வாரம் காணாமல் போயிருந்த அது ஒரு வியாழக்கிழமை காலை எலும்பும் தோலுமாக வந்து நின்றது. முன்தினம் ஆஸ்பத்திரியில் யாரோ அவளிடம், "சார் இப்ப என்ன பண்றார்?" என்று விசாரித்திருந்தார்கள். அந்தக் கோபம் வேறு அடிவயிற்றில் கிடந்தது. "வந்துட்டியா, வா! போன எடத்துல நாலு பேரோட அனுசரிச்சு இருக்கத் துப்பில்ல. தூக்கிப் போட்டுட்டு இங்க வந்து விழுந்து கெடக்கற. பதினோரு வருஷமா ஒரே எடத்துல ஒக்காந்துக்கிட்டிருக்கோமே, பாக்கறவங்க என்ன நெனைப்பாங்கன்னு ஒரு வெக்கம் வேணாம்?" என்று தெருவே கேட்கிற மாதிரி போட்டாள். படிக்கு நேர் கீழே ஒரு ஜன்னல் உண்டு. அதற்குள்ளிருந்து கடகடவென்று கேட்டுக்கொண்டிருந்த தையல் மிஷின் சத்தம் பட்டென்று நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி முகப்பில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பின்சந்துப் பூனைகளால் சுகாதாரக் கேடு என்று எழுத்துமூலம் புகார் வந்திருப்பதால், வரும் சனிக்கிழமை மத்தியானம் ஆட்கள் வந்து அவற்றைப் பிடித்துப் போவார்கள். கீழே குடியிருப்பு சங்கத்தின் செக்ரட்டரி கையெழுத்து.

ஆபரேட்டரம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"பிடிச்சு எங்க கொண்டுபோவாங்க?"

"ஊருக்கு வெளிய, குப்பை மேட்டுல விட்டுடுவாங்கம்மா. கொல்லமாட்டாங்க."

"அங்க இருக்கற நாய் கொன்னுடுமே! அந்த எடமே தெரியாத ஜென்மங்க சார் இது. இதுங்களுக்கெல்லாம் ஆபரேஷன் ஆயிடுச்சு. இதுங்களைக் கெளப்பினா, ஆகாதது பத்து வந்து இதே எடத்துல குடியேறும். பெருகும். எழுதித் தரட்டுமா?"

செக்ரட்டரி நல்லவர்தான். தலையைச் சொறிந்துகொண்டார். "எனக்குத் தெரியுதும்மா. ஆனா எழுதிக் கொடுத்துட்டாங்களே, நான் என்ன பண்றது? அவங்களா வாபஸ் வாங்கினா நான் ஆளை வர வேணாம்னு சொல்லிடுவேன்."

"யாரு கொடுத்தது?"

"உங்க படிக்குக் கீழதான்."

அவளால் நம்பவே முடியவில்லை. தையலக்கா! நாற்பது வயசு, தனி ஆள். வாய் நிறைய ஊசியைக் கவ்விக்கொண்டு, கண்ணாலேயே சிரிக்கிறவள். மிச்ச மீன் இருந்தால் அவளேகூட ஜன்னல் வழியே நீட்டுவாள்.

புதன்கிழமை டூட்டி முடிந்து நேரே அங்கே போனாள். கத்தரித்த துண்டுகள், சீட்டுக் குத்தின மூட்டைகள், சாக்கட்டிப் பொடி, இஸ்திரிச் சூடு. தையலக்கா நிமிரவில்லை. மிஷினைப் பார்த்துப் பேசினாள். "எண்ணெய் விட்டா மட்டும் என்னமா ஓடுது இந்த நாக்கு! ஊரைப் பாத்துச் சிரிக்கும்போது ஒரு நூலு, வீட்டுக்குப் பின்னால நின்னா வேற நூலு."

ஆபரேட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் ஜாடையிலேயே ஊறினவளுக்கா இது புரியாது?

"ஏம்மா, எதுவா இருந்தாலும் என்கிட்டயே கேளேன். பூனை உன்னை என்ன பண்ணிச்சு?"

மிஷின் நின்றது. "பூனை ஒண்ணும் பண்ணல. நீங்க பண்ணினீங்க. போன எடத்துல அனுசரிச்சு இருக்கத் துப்பில்லாம வந்து விழுந்து கெடக்கறேன்னு சொன்னீங்களே, அது யாரை? வெக்கமில்லையான்னு கேட்டீங்களே, அது யாரை?"

அப்போதுதான் ஆபரேட்டரம்மாவுக்குத் தலையில் இடி விழுந்தது. தையலக்கா புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இந்த அறையை வாடகைக்கு எடுத்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. வந்து எத்தனை வருஷம் ஆயிற்று?

"ஐயோ, சத்தியமா உன்னைச் சொல்லலம்மா! பூனையைத்தான் சொன்னேன். அந்த ஊர்சுத்தி மூணு வாரம் கழிச்சு வந்திச்சே, அதைத்தான்."

தையலக்கா இப்போது நேராகப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எந்தப் பூனைக்கும்மா பதினோரு வருஷம்? எனக்குத்தான் இந்த மாசத்தோட பதினோரு வருஷம். விரல் விட்டு எண்ணிக்கிட்டிருக்கறவ நான். பூனைக்கு எதுக்கு அந்தக் கணக்கு?"

பதில் இருந்தது. நாக்கு நுனியிலேயே இருந்தது. அது உன்னை இல்லம்மா, என் வீட்டுக்காரரை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் போதும், இவள் மனசும் ஆறும், பூனையும் பிழைக்கும். அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மூடினாள். நல்ல மனுஷன், தங்கமான மனுஷன் என்று பதினோரு வருஷம் ஊராரிடம் தலையாட்டிவிட்டு, இன்றைக்கு ஒரு தையல் அறையில் நின்றுகொண்டு, அவரை நான் தினமும் காலையில் நாயைத் திட்டுவதுபோலத் திட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவருடைய மானமும் போயிற்று, அவளுடையதும் போயிற்று. சொல்லாவிட்டால் ஏழும் போயிற்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"நான் உன்னைச் சொல்லல" என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். அதைத் தையலக்கா காதில் வாங்கவே இல்லை. மிஷின் ஓட ஆரம்பித்தது.

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். "சனிக்கிழமை பூனையெல்லாம் பிடிச்சுக்கிட்டுப் போறாங்களாம். கீழ தையலக்கா நான் அவளைத்தான் ஜாடை பேசினேன்னு நெனைச்சு எழுதிக் கொடுத்துட்டா."

"ம்" என்றார். இன்னொரு கை சோறு பிசைந்தார்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பாள். எறியவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டாள்.

வியாழனும் வெள்ளியும் போர்டில் அவள் அவளாக இல்லை. பிரசவ வார்டு கேட்டவருக்குக் கேன்டீனை இணைத்துக் கொடுத்தாள். "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண். ஒன்றுமில்லை என்றாள். காலையில் தட்டு வைக்கும்போது திட்டு வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாய்ப் போயிற்று. கலெக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தொடக்கூட விடாத ஜென்மங்களுக்காக நான் ஏன் இப்படிச் சாகிறேன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அதுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் ஒருநாள் இல்லை, பத்து நாள் தங்கச்சி வீட்டில் தங்கலாம். நினைத்துப் பார்த்தாள். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தக் கதவைத் திறந்து, வெறும் சந்தைப் பார்த்து, பேச்சே இல்லாமல் மூடிவிட்டு உள்ளே வருவதை நினைக்க முடியவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு இருக்கிற ஒரே ஓட்டை அதுதான். அதையும் அடைத்துவிட்டால் மூச்சு எங்கே விடுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முடிவு பண்ணிவிட்டாள். சொல்லிவிடுவது. மானமாவது ஒன்றாவது. வீடு வரைக்கும் அந்த வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டே நடந்தாள்.

தையல் அறையில் கட்டிங் மேஜை மேல் ஒரு சாம்பல் நிறப் பேன்ட் கிடந்தது. முழங்கால் தேய்ந்து பளபளத்தது. அதை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும், அத்தனை வருஷம் துவைத்தவள் அவள்தானே.

தையலக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுங்கம்மா. லெட்டரை மத்தியானமே வாபஸ் வாங்கிட்டேன். செக்ரட்டரி ஆளுங்களுக்குப் போன் பண்ணிட்டார்."

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"சார்தான் வந்தார். இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தரணும்னார். நான் டேப்பை எடுக்கறேன், அவர் வாசல்லயே நிக்கறார். அப்புறம் சொன்னார், 'அது உன்னைச் சொன்னது இல்லம்மா, என்னைச் சொல்றது. பதினோரு வருஷமா தெனம் காலைல ஆறு மணிக்குச் சொல்றா. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ மனசுல வெச்சுக்காதே'ன்னார்." தையலக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்மா அவர்."

பாவமாமே! ஊரில் இருக்கிற பாவத்தையெல்லாம் அவருக்கே கொடுங்கள். ஆபரேட்டரம்மாவுக்குக் கோபமா, வெட்கமா, என்னவென்றே தெரியாமல் காது மடல் எரிந்தது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம். கல்லுப் பிள்ளையார், நாக்கு ஒட்டிக்குமாடா, செத்துட்டியா இருக்கியா, எல்லாம் கேட்டிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக. மேலே போனாள். அவர் நாற்காலியில் இருந்தார். சமைத்தாள், போட்டாள், அவர் சாப்பிட்டார். தங்களுக்கு இடையில் ஒரு துணி அவிழ்ந்து கிடப்பது போலவும், யார் முதலில் பார்ப்பது என்று இரண்டு பேரும் கூசிக்கொள்வது போலவும் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தட்டோடு கதவைத் திறந்தாள். வாய் திறக்கவில்லை. என்ன திட்டினாலும் அது இனிமேல் பூனைக்கு இல்லையே. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு காது இருக்கிறது. ஏழும் சுவர் மேல் இருந்தன. சத்தம் போடாமல் இறங்கித் தட்டை வைத்தாள், மூன்று படி ஏறி நின்றாள். அதுகள் வராது என்றுதான் நினைத்தாள். குதித்து வந்தன, எப்போதும்போல. தின்றன. கலெக்டர் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. அப்படியானால் அதுகளுக்குத் திட்டு தேவையே இல்லை. ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

பின்னால் கதவு கிரீச்சிட்டது. வீட்டுக்காரர் பின்படிக்கு வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் படியில் கால் வைத்து அவள் பார்த்ததில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரும்பு சில்லென்று இருந்ததாலோ என்னவோ, பாதத்தை மாற்றி மாற்றி வைத்தார்.

"ஏன் இன்னைக்குச் சத்தமே காணோம்?" என்றார்.

அவள் திரும்பவில்லை. "எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருந்தீங்களா?"

"ம்."

"மொதல் நாள்லேர்ந்தா?"

"ம்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல? ஏன்டி இப்படிப் பேசறன்னு ஒரு சத்தம்? வேணாம், ஒரு கதவை ஓங்கிச் சாத்தியிருக்கலாமே? நான் சுவத்துக்கிட்டப் பேசறேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேனே?"

இதோ, இதற்கும் "ம்" தான் வரப்போகிறது என்று அவள் பல்லைக் கடித்தாள்.

"சொன்னா நீ நிறுத்திடுவியே" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் பூனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற யாரு என்கிட்டப் பேசறா?" என்றார், முன்னைவிடச் சின்னக் குரலில்.

பதினோரு வருஷம்! அவள் கல்லென்று நினைத்து எறிந்ததையெல்லாம் இந்த மனுஷன் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலை ஆறு மணிக்குக் காத்திருந்திருக்கிறார், கீழே நிற்கும் ஏழு பூனைகளைப்போல. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளைக்குப் போயிருப்பாளா மாட்டாளா, அது வேறு விஷயம். இப்படிச் சந்தில் நின்று கத்துகிற பொம்பிளையாக ஆகியிருக்கமாட்டாளே!

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் என்ன சொல்லிவிட்டாள் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது. பூனைக்கு இல்லை. ஜன்னலுக்கு இல்லை. நேர் முகத்துக்கு. "நீ" என்று. அவள் படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மேலே இருந்த படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

அன்றைக்கு ஆபரேட்டரம்மா டூட்டிக்குப் போகும்போது எட்டு ஐம்பது. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. தலை வாரியிருக்கவில்லை, முகம் வீங்கியிருந்தது, குரல் கட்டிப்போயிருந்தது. தனியாளாக இரண்டு பேர் போர்டையும் சமாளித்துக்கொண்டிருந்த பெண், காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பயந்துபோய்க் கேட்டாள்.

"என்னக்கா ஆச்சு? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் ஆபரேட்டரம்மா. "என் வீட்டுக்காரரோட பேசிக்கிட்டிருந்தேன். நேரம் போனதே தெரியல."